குன்னூர் பேக்கரி மாடி மேக்ஸ் டியூஷன்: தம்பியை ஒரு வருஷம் அனுப்பிப் பாத்த கதை

நான் குன்னூர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறேங்க. டென்த் சீசன் வந்துட்டா எங்க மெஷினுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. கைடு பக்கம், ஒன் மார்க் தொகுப்பு, 'இது கண்டிப்பா வரும்'னு யாரோ கையால எழுதின கேள்வி லிஸ்ட்டு, இப்படித்தான் டியூஷன் நடத்தறவங்க எல்லாரும் கட்டுக்கட்டா எடுத்துட்டுப் போவாங்க. ஒரே ஒரு சார் மட்டும் வேற மாதிரி. பசங்க பரீட்சை எழுதின பேப்பரைக் கொண்டாருவாரு, பேர் இருக்கற எடத்துல ஒரு துண்டுக் காகிதத்தை வெச்சு மறைச்சுட்டு 'இதுல பதினாறு காப்பி போடும்மா'ம்பாரு. எட்டிப் பாத்தா கணக்கு பூரா தப்பு. மொத தடவை நான் வாய வெச்சுட்டு சும்மா இல்லாம 'சார் தப்பான பேப்பரைக் குடுத்துட்டீங்க போல, சரியா போட்டதைக் குடுங்க'ன்னு சொல்லிட்டேன். 'தப்பானதுதாம்மா வேணும், சரியானது புக்குலயே இருக்குதே'ன்னாரு.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தம்பியை அங்க சேத்தேன். இப்ப ரிசல்ட் எல்லாம் வந்து அவன் ப்ளஸ் ஒன் போயாச்சு, ஜூன்ல புது பேட்ச் சேக்கறாங்க, கடைக்கு வர்ற அம்மாக்கள் தினமும் 'அங்க எப்படி பாப்பா, சேக்கலாமா'ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிடறேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா நான் ஏன் இவ்ளோ துடிக்கறேன்னு புரியாது. நான் 2020 டென்த் பேட்ச். கொரோனால பரீட்சையே ரத்தாகி எல்லாரும் பாஸ்னு சொன்னாங்கல்ல, அந்த செட்டு. ஊரே 'குடுத்து வெச்சவங்க'ன்னுச்சு. ஆனா மார்க் எப்படிப் போட்டாங்க தெரியுமா, காலாண்டு அரையாண்டுல எடுத்ததுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். நான் காலாண்டு மேக்ஸை 'பப்ளிக்ல பாத்துக்கலாம்'னு அசால்ட்டா எழுதினவ. அந்தப் பப்ளிக் வரவே இல்ல, அசால்ட்டா எழுதின மார்க் என் சர்டிபிகேட்ல இன்னைக்கு வரைக்கும் உக்காந்திருக்கு. அப்புறம் ப்ளஸ் டூல காமர்ஸ் எடுத்துட்டேன், அதுல மேக்ஸ் இல்ல. ஆக மொத்தம் நம்ம வீட்டுல யாருமே கணக்குப் பரீட்சைக்குன்னு பப்ளிக் ஹால்ல உக்காந்ததே கிடையாது. அம்மா எஸ்டேட்டுல இலை பறிக்குது, நாலாவதோட நின்னது. தம்பிக்கு வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளு இல்ல.

மொதல்ல ஒரு ஆப் வாங்கினோம், எது என்னன்னு சொல்ல வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணி 'உங்க தம்பி எதிர்காலம்'னு பேசியே பணத்தைக் கறந்துட்டாங்க. வீடியோ எல்லாம் நல்லா கலர்கலரா இருந்துச்சு, ஆனா அது இங்கிலீஷ்ல, நம்ம பையன் தமிழ் மீடியம், அவன் புக்குல 'ஆயத்தொலை வடிவியல்'னு இருக்கறதுக்கும் அதுல ஓடறதுக்கும் முடிச்சுப் போடவே ஒரு ஆள் வேணும். இன்னொன்னு, நாங்க இருக்கறது கட்டபெட்டு பக்கம் லைன் வீடு, மழை ஓங்கி அடிச்சா கரண்ட்டு போயிரும், கரண்ட்டு போனா டவர் போயிரும், டவர் போனா ஆப் எங்க ஓடும்.

சரி, டியூஷனுக்கு வர்றேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து பெட்ஃபோர்டு ஏறற வழியில ஒரு பேக்கரி மாடி. போர்டு கிடையாது, பேரு கிடையாது, எல்லாரும் பேக்கரி மாடின்னுதான் சொல்றோம். படிக்கட்டு செங்குத்தா இருக்கும், மழைல பாசி வழுக்கும், பாத்து ஏறுங்க. ஃபீஸ் மாசம் 900, கையில காசாத்தான் குடுக்கணும், ஜிபே எல்லாம் அவருகிட்ட செல்லாது, ரசீதும் தர மாட்டாரு, ஒரு நீள நோட்டுல டிக் அடிச்சுக்குவாரு. ஒரு பேட்ச்சுக்கு பதினாறு பேரு, அதுக்கு மேல ஒரு பெஞ்சு போட எடமும் இல்ல.

சேந்த அன்னைக்கு பாடமே நடத்தல. முப்பது குட்டிக் கணக்கு. பின்னம் கூட்டறது, மைனஸும் மைனஸும் பெருக்கறது, அடைப்புக்குறிக்கு வெளிய மைனஸ் இருந்தா உள்ள என்ன ஆகும், இப்படி. ஆறாவது ஏழாவதுல படிச்சது. தம்பி பதினொன்னு எடுத்தான். அவனுக்கு அழுகையே வந்துருச்சு, ஏன்னா அவன் தேல்ஸ் தேற்றத்தை மனப்பாடமா ஒப்பிக்கறவன். சார் ஒண்ணும் திட்டல, 'தேற்றம் தெரியுது, மைனஸ் தெரியல, சரி பண்ணிடலாம் கண்ணு'ன்னுட்டு ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு. அதுக்குப் பேரு தப்பு நோட்டு.

எந்த டெஸ்ட்டுல எங்க மார்க் போனாலும் அந்த நோட்டுல எழுதணும், அதுவும் மூணு கட்டம் போட்டு. ஒண்ணு, கணக்கே தெரியல. ரெண்டாவது, தெரியும் ஆனா கை தப்பிருச்சு. மூணாவது, கேள்வியை ஒழுங்காப் படிக்கல. மொத மாசம் தம்பி நோட்டைப் புரட்டிப் பாத்தேன், மொத கட்டத்துல மூணோ நாலோதான், மிச்சம் அத்தனையும் ரெண்டாவது கட்டத்துல குவிஞ்சு கெடக்கு. அதுலயும் பாதி, கேள்வியில 7 இருக்கும், இவன் விடைத்தாள்ல 1னு எடுத்து எழுதியிருப்பான். நான் அதுவரைக்கும் இவனுக்குக் கணக்கு ஏறலன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஏறித்தான் இருந்துச்சு, எறங்கறப்ப சிந்திட்டு இருந்துச்சு.

புதன்கிழமை தப்பு பேப்பர் கிளாஸ். எங்க கடையில எடுத்த காப்பியை எல்லாருக்கும் குடுத்து 'எங்க தடுக்கி விழுந்திருக்கான்னு கண்டுபுடி'ன்னு சொல்லுவாரு. யாரு பேப்பர்னு தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. பசங்க சிவப்புப் பேனாவை வெச்சுக்கிட்டு அப்படியே வாத்தியாரு மாதிரி உக்காந்து தேடுவாங்களாம். தம்பி வீட்டுக்கு வந்து சொல்லுவான், இன்னைக்கு ஒருத்தன் இறக்கக்கோணத்தைச் சுவரோட ஒட்டிப் போட்டிருந்தான்க்கா, கிடைமட்டக் கோட்டுல இருந்துதானே கீழ எறக்கணும், அவன் 60னு போட்ட எடத்துல உண்மையில 30 இருக்கணும், அதனால அதுக்கப்புறம் எல்லாம் கரெக்டாப் போட்டும் விடை தப்புன்னு. இதை சார் புரிய வெச்ச விதம் எனக்குப் புடிச்சுது. எல்லாரையும் ஜன்னல்கிட்ட கூப்புட்டு நேரா எதிர்ல இருக்கற மலையைப் பாக்கச் சொல்லி, அப்புறம் தலையை மெதுவா எறக்கி கீழ பஸ் ஸ்டாண்டு கூரையைப் பாக்கச் சொல்லி, 'இப்ப தலை எவ்ளோ எறங்குச்சோ அதான் இறக்கக்கோணம்'னாராம். மலையில இருக்கற பசங்களுக்கு இதுக்கு மேல என்ன படம் வேணும்.

ரூட் 3 விஷயமும் அப்படித்தான். ரூட் 3ன்னு வந்த ஒடனே 1.732ன்னு போட்டுட்டு தசமத்தை மூணு வரி இழுத்துப் பெருக்கி எங்கயாவது சறுக்கறது. கடைசி வரி வரைக்கும் ரூட் 3யாவே வெச்சுக்கோ, கடைசியில ஒரே ஒரு தடவை பெருக்கு, மீட்டர்னு அலகு போடு. அளவியல்ல 22/7க்கும் இதே கதைதான், நெறைய கேள்வியில கீழ இருக்கற 7 மேல எங்கயாவது அடிபட்டுப் போறாப்பலதான் எண்ணு குடுத்திருப்பாங்க, அதுக்குள்ள நாமளே அவசரப்பட்டு 3.14 போட்டுச் சிக்கிக்கறோம்.

கிராஃப் இன்னொரு கூத்து. இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் வரையச் சொன்னா புள்ளியை எல்லாம் சரியா வெச்சுட்டு ஸ்கேலால இணைச்சிருவானுங்க. 'இது பரவளையமா இல்ல லைன் வீட்டுக் கூரையா'ன்னு கேப்பாராம். எக்ஸ் அச்சை ரெண்டு எடத்துல வெட்டுனா மூலங்கள் மெய், சமமில்லை, ஒரே எடத்துல தொட்டா மெய், சமம், தொடவே இல்லன்னா மெய் மூலமே கிடையாது, இதை எழுதாம வெறும் படத்தை வரைஞ்சுட்டு வந்தா மார்க் போயிரும். அளவுத்திட்டம் எழுதாம விடறது, வடிவியல் வரைபடத்துக்கு உதவிப்படம் போடாம விடறது, இதெல்லாம் மூணாவது கட்டம் கூட இல்ல, இதுக்குன்னு தனியா நாலாவது கட்டம் போட்டு அதுக்கு 'சோம்பேறித்தனம்'னு தலைப்பு வெச்சிருந்தாங்க.

சாய்வு பாடத்துக்கு நம்ம மலை ரயிலை எடுத்துக்கிட்டாரு. மேட்டுப்பாளையம் பக்கம் 326 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு ஊட்டியில 2203 மீட்டருக்கு ஏறுது, தூரம் 46 கிலோமீட்டர், தண்டவாள நீளத்தையே கிடைத்தூரமா வெச்சுக்குங்க பெரிய வித்தியாசம் வராது, சராசரி சாய்வு என்ன? 1877ஐ 46,000ஆல வகுத்தா கிட்டத்தட்ட இருபத்தஞ்சுக்கு ஒண்ணு. அப்ப எதுக்கு கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரம்? ஏன்னா அந்த நடு வழியில செங்குத்தா இருக்கற எடத்துல பன்னண்டுக்கு ஒண்ணு, சராசரி அதைக் காட்டாது. சரி அந்தப் பன்னண்டுக்கு ஒண்ணு எத்தனை டிகிரின்னு கேட்டதுக்கு ஒருத்தன் முப்பதுன்னு, ஒருத்தன் நாப்பத்தஞ்சுன்னு. அஞ்சு டிகிரி கூட வரல. தம்பி அன்னைக்கு நைட்டு முழுக்க இதையே பேசிட்டு இருந்தான், அஞ்சு டிகிரிக்கே ரயிலுக்குப் பல்லு வேணும்னா நம்ம வீட்டுப் படிக்கட்டுக்கு என்ன வேணும்னு.

புள்ளியியலுக்கு 'வீட்டுல இருந்து ஆறு எண்ணு கொண்டா'ன்னு ஹோம்வொர்க். ஒருத்தன் கரண்ட் பில்லு, ஒருத்தன் முட்டை விலை. இவன் அம்மாவோட எடை சீட்டு, ஆறு நாள் பறிச்ச இலை கிலோ கணக்குல, 18, 22, 20, 24, 16, 20. சராசரி 20, திட்டவிலக்கம் 2.58 சொச்சம், மாறுபாட்டுக் கெழு 12.9 சதவீதம். அம்மாகிட்ட போயி 'நீ ரொம்ப சீரா பறிக்கறம்மா, மாறுபாடு கம்மி'ன்னு சொன்னான். 'சீரா பறிச்சா கூலி கூடப் போடுவானாமா?'ன்னு கேட்டுச்சு. இவன்கிட்ட பதில் இல்ல, ஆனா அந்தச் சூத்திரம் அவனுக்கு மறக்கவே இல்ல.

ஜனவரியில இருந்து ஞாயித்துக்கிழமை முழு பரீட்சை. பப்ளிக் மாதிரியே பத்து மணிக்குப் பேப்பர், பத்து நிமிஷம் படிக்கறது, அஞ்சு நிமிஷம் விவரம் எழுதறது, பத்தேகாலுக்கு எழுத ஆரம்பிச்சு ஒண்ணேகால் வரைக்கும். நடுவுல யாரும் எந்திரிக்கக் கூடாது, கீழ பேக்கரியில பப்ஸ் வாசனை மேல வரும் பாருங்க, அதைத் தாங்கிக்கிட்டு உக்காந்தவனுக்கு பப்ளிக் ஹால் ஒண்ணுமே இல்ல. எழுதற வரிசை கூட அவரு சொன்னதுதான். பதினாலு ஒரு மார்க்குக்குக் கால் மணி நேரம், அதுல ஆப்ஷன் எழுத்து மட்டும் போடக் கூடாது, விடையையும் சேத்து எழுதணும்னு கேள்வித்தாள்லயே போட்டிருக்கு, பாதிப் பேரு படிக்கறதே இல்ல. அடுத்து ஒடனே வடிவியலும் கிராஃபும், ரெண்டுக்கும் சேத்து முப்பத்தஞ்சு நிமிஷம், பதினாறு மார்க், கை ஃப்ரெஷ்ஷா இருக்கறப்பவே முடிச்சுரணும்ங்கறது அவரு கட்சி. அப்புறம் அஞ்சு மார்க் பத்துக்கு எண்பது நிமிஷம், கடைசியா ரெண்டு மார்க் பத்துக்கு முப்பத்தஞ்சு. மிச்சம் பதினஞ்சு நிமிஷத்துல கேள்வியில இருக்கற எண்ணும் நாம எடுத்து எழுதின எண்ணும் ஒண்ணுதானான்னு மட்டும் பாக்கணும், கணக்கைத் திருப்பிப் போடக் கூடாது. தம்பிக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு.

கட்டாயக் கேள்வி ஒண்ணு இருக்குல்ல, ரெண்டு மார்க்குல 28, அஞ்சு மார்க்குல 42. பதினாலுல எதையாவது பத்து எழுதலாம்னு நெனச்சு 42ஐ விட்டுட்டு வேற பத்தை எழுதினா ஒம்பதுக்குத்தான் மார்க். தம்பி அரையாண்டுல இதைப் பண்ணிட்டு வந்தான். அஞ்சு மார்க் பறந்துருச்சு. அதுக்கப்புறம் எந்தப் பேப்பர் கைக்கு வந்தாலும் மொதல்ல அந்த ரெண்டு நம்பரையும் பென்சிலால வட்டம் போடற பழக்கம் வந்துருச்சு அவனுக்கு.

இப்ப குறை. நெறைய இருக்கு.

சாயங்கால பேட்ச் அஞ்சரைல இருந்து ஏழரை. குன்னூர் டவுன்ல இருக்கறவங்களுக்கு ஓகே. எங்கள மாதிரி வெளிய இருந்து வர்றவங்களுக்கு இது பெரிய தலைவலி, பஸ்ஸைப் புடிச்சு எறங்கி எஸ்டேட் ரோட்டுல நடக்கறப்ப நல்லா இருட்டிரும், காட்டு மாடு ரோட்டுலயே நிக்கும், கரடி வேற. ரெண்டு மாசம் நான் கடை முடிச்சு அவனோடயே போனேன், அப்புறம் முடியாம சனி ஞாயிறு பேட்ச்சுக்கு மாத்திட்டோம், அதனால அந்தப் புதன்கிழமை கிளாஸ் போயிருச்சு, காப்பியை மட்டும் நானே கடையில இருந்து ஒண்ணு கூடுதலா போட்டு எடுத்துட்டுப் போயி அவன்கிட்ட குடுப்பேன். நேரத்தை அரைமணி முன்னாடி தள்ளுங்கன்னு ஏழெட்டு பேரு கேட்டுட்டோம், மனுஷன் அசையல.

ரெண்டாவது அவரு வாய். தப்பு பேப்பர்ல பேரை மறைக்கறவரு, டெஸ்ட் மார்க்கை மட்டும் சத்தமா வாசிப்பாரு, கம்மியா எடுத்தவனை எழுப்பி நிக்க வெப்பாரு. இது எனக்கு சுத்தமா புடிக்கல. நேராவே போயி 'சார், பேப்பர்ல மறைக்கற பேரை வாயிலயும் மறைங்க'ன்னு சொன்னேன். சிரிச்சாரு, ஒரு வாரம் நிறுத்தினாரு, மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. கூச்ச சுபாவம் உள்ள புள்ளைங்கள, முக்கியமா பொண்ணுங்கள, சேக்கறதுக்கு முன்னாடி இதை யோசிச்சுக்குங்க. பாத்ரூமும் கீழ பேக்கரியோடதுதான், கேட்டுட்டுத்தான் போகணும்.

இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு கொஞ்சம் கஷ்டம். எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிட்டு இங்கிலீஷ் வார்த்தையைப் போற போக்குல வீசுவாரு. மழை லீவு விட்டா ஈடு கிளாஸ் கிடையாது, அதுக்குப் பதிலா வாட்ஸப்ல பத்து நிமிஷ வாய்ஸ் நோட் போடுவாரு, அதுல பாதி அவரு வீட்டுக் கூரையில மழை விழற சத்தம்.

மார்க் சொல்லாம விட்டா திட்டுவீங்க. காலாண்டு 38, அரையாண்டு 61, பப்ளிக் 83. இதுல எல்லாமே டியூஷன் பண்ணினதுன்னு சொன்னா பாவம், ஸ்கூல்லயும் மேக்ஸ் மிஸ் தெனமும் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வெச்சாங்க, பாடம் நடத்தினது அவங்கதான். பேக்கரி மாடியில பாடம் நடத்தறது ரொம்பக் கம்மி. அதனாலதான் சொல்றேன், பாடம் சுத்தமா புரியாத புள்ளையை அங்க சேத்துட்டு மந்திரம் நடக்கும்னு காத்திருக்காதீங்க. நூத்துக்கு நூறு வேணும்ங்கறவங்களும் போக வேண்டாம், அவங்களுக்கு போரடிக்கும், பக்கத்து வீட்டுப் பொண்ணு ரெண்டே மாசத்துல நின்னுருச்சு. படிக்கறான், தெரியுதுங்கறான், பேப்பரைத் திருத்தி வாங்கினா மட்டும் மார்க்கைக் காணோம்ங்கற ரகம் ஒண்ணு இருக்கு பாருங்க, வீட்டுக்கு ஒண்ணு இருக்கும், அந்த ரகத்துக்கு 900 ரூவா தாராளமா குடுக்கலாம்.

நான் குடுக்கறது அஞ்சுக்கு நாலு. ஒண்ணைப் புடிச்சு வெச்சுக்கிட்டது மார்க்கைச் சத்தமா வாசிச்சதுக்காக.

சேக்கறவங்க ஜூன் மொத வாரமே போயிருங்க, பதினாறு நிறைஞ்சா அவ்ளோதான். ஜியாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் டைட்டா இருக்கறதா பாத்து வாங்குங்க, லூஸ் காம்பஸ் கொண்டு போன தம்பியை மொத நாளே வாசல்ல இருந்து திருப்பி கடைக்கு அனுப்பிட்டாரு. அப்புறம் எனக்கு ஒரு உதவி, அவரு பதினொண்ணாவதுக்கு எடுக்கறதில்ல, தம்பி இப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அதுல மேக்ஸ் இருக்கு. குன்னூர் கோத்தகிரி பக்கம் ப்ளஸ் ஒன் மேக்ஸ் நல்லா எடுக்கறவங்க, கட்டபெட்டு பஸ் கிடைக்கற நேரத்துக்குள்ள கிளாஸை முடிக்கறவங்க யாராவது இருந்தா கீழ சொல்லுங்க.